புதிய கோச், காலி லாக்கர் ரூம்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியை ஒரே கோடையில் கட்டுவது எப்படி

2024 ஏப்ரலில் மார்க் போப் கென்டக்கி பல்கலைக்கழக அணியின் பொறுப்பை ஏற்றபோது, முந்தைய சீசனில் ஸ்காலர்ஷிப்பில் ஆடியவர்களில் ஒருவர்கூட அவரிடம் மிஞ்சவில்லை. அதே வசந்தத்தில் லூயிவில்லில் பாட் கெல்சிக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவு ஆண்கள் ஆட்டத்தில் கோச் மாறினால் அணி கலைவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர் ஏறும் டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்தது. 2021-ல், முதல்முறை கல்லூரி மாறுபவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற கட்டாயம் போனது. 2024-ல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றானது.

அணி எவ்வளவு சுலபமாகக் கலைகிறதோ அவ்வளவு சுலபமாக ஆள் சேர்க்கவும் முடியும். சேர்த்தவர்களுக்குக் கொடுத்த வாக்குகள் அத்தனையும் ஒரே ஆட்டத்துக்குள் அடங்குமா என்பதில்தான் சிக்கல். ஓர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், மொத்தம் 200 நிமிடம். அதற்கு மேல் யாரிடமும் கிடையாது.

கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டியவை

வீரர்களுக்கான பணம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதை கோச் தன் சம்பளத்துக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். என்சிஏஏ மீது வீரர்கள் தொடர்ந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-க்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இது எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. பெரிய மாநாடுகளில் (கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) இதில் பெரும்பங்கை அமெரிக்கக் கால்பந்து எடுத்துக்கொள்கிறது. செயின்ட் ஜான்ஸ், கிரெய்ட்டன் போலக் கால்பந்து அணியே இல்லாத இடங்களில் கூடைப்பந்துக்கு அதிகம் ஒதுக்க இடமிருக்கிறது. அதனால் பல்கலைக்கழகத்தின் மொத்தத் தொகையைக் கேட்டு ஒரு பயனும் இல்லை. ஆண்கள் கூடைப்பந்துக்கு எவ்வளவு என்பதே கேள்வி.

இரண்டாவது, பள்ளி, அதாவது அந்தப் பல்கலைக்கழகம், அந்தச் சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா என்பது. சேர்ந்திருந்தால் அணியில் 15 பேர் வரை, 15 பேருக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம். சேராவிட்டால் பழைய 13 ஸ்காலர்ஷிப் கணக்குதான். மூன்றாவது, முன்னவர் ஒப்புக்கொண்ட ஆட்ட அட்டவணை. விலக்கிக்கொள்ள நஷ்டஈடு கட்ட வேண்டிய ஆட்டங்கள் அதில் இருக்கும். நவம்பரில் மூன்று கடினமான வெளியூர் ஆட்டங்கள் காத்திருப்பதை ஆகஸ்டில் கண்டுபிடிப்பது பரிதாபம்.

முதல் மூன்று நாள்

எல்லாவற்றுக்கும் முன் காலண்டர். போர்ட்டல் சாளரம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது. முதலில் 60 நாள், பிறகு 45, 2025-ல் 30. 2026 முதல், சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு மறுநாள் தொடங்கி 15 நாள்தான். தலைமைப் பயிற்சியாளர் மாறிய அணியின் வீரர்களுக்குத் தனிச் சாளரமும் உண்டு. அந்த ஆண்டின் விதியைப் பள்ளியின் விதி அலுவலரிடம் தேதியோடு எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது, இருக்கும் வீரர்களைத் தனித்தனியாகச் சந்திப்பது. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் உற்சாக உரையைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். அதை நம்பி யாரும் தங்குவதில்லை. தனிச் சந்திப்பில் வரிசை முக்கியம். எவரை இழந்தால் ஈடுகட்ட முடியாதோ அவர் முதல் நாள் காலையிலேயே. தங்கினாலும் பரவாயில்லை, போனாலும் பரவாயில்லை என்பவர்கள் அன்று மாலை. இடமில்லை என்று முடிவானவர்கள் மறுநாளுக்குள். மூன்றாம் வகையினரிடம் உண்மையைச் சொல்லத் தயங்கித் தள்ளிப்போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சாளரம் 15 நாள்தான் என்றால், பத்தாம் நாளில் சொல்லப்பட்ட வீரனுக்கு வேறு இடம் தேட நேரமிருக்காது. அவனைப் பரிந்துரைத்த உயர்நிலைப் பள்ளிக் கோச்சும் அதை மறக்க மாட்டார்.

சந்திப்புக்கு முன் இரண்டு கோப்புகள் மேசையில் இருக்க வேண்டும். ஒன்று, படிப்பு. முதல் பிரிவில் தகுதி நீடிக்க, இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 முடித்திருக்க வேண்டும். மற்றொன்று, அணி மருத்துவப் பயிற்றுநர், அனுமதிக்கு உட்பட்டு, தரும் காயக் குறிப்பு. முழங்காலில் மூன்றாவது அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு 28 நிமிடம் ஒதுக்கிவிட்டு டிசம்பரில் தலையில் கை வைப்பதில் பயனில்லை.

முன்னவர் ஒப்பந்தம் செய்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் அதே நாளில் போன் போக வேண்டும்.

போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டாரே என்று யாரையும் கைகழுவ வேண்டாம். ஜான் கலிபாரி 2024-ல் ஆர்கன்சாவுக்குக் கோச்சாக வந்தபோது, அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்களில் ட்ரெவான் பிரேசில் அவரோடு தங்கினார். மறு மார்ச்சில், தேசியப் பட்டத்துக்கான என்சிஏஏ போட்டிக்குள் பத்தாம் தரநிலையில் நுழைந்த ஆர்கன்சா, கான்சாஸையும் செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்திக் கடைசி பதினாறுக்குள் போனபோது அவர் முக்கிய ஆள்.

200 நிமிடத் தாள்

ஆள் தேடுவதற்கு முன்பே இந்தத் தாள் தயாராக வேண்டும். ஒன்பது பேர் சுழற்சி என்றால் இப்படி இருக்கும்: முதல் ஐவர் 32, 32, 30, 30, 28. ஆக 152. மீதி 48 நிமிடம் நால்வருக்கு: 18, 14, 10, 6. பத்தாவது ஆளுக்கு ஒன்றுமில்லை. பத்தாவது ஆளைச் சேர்க்கும்போது இந்தத் தாளை அவரிடமே காட்டலாம், காட்டுவதும் நல்லது.

பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை, யூசேஜ். ஒருவர் களத்தில் இருக்கும்போது அணியின் தாக்குதல்களில் எத்தனை சதவீதம் அவருடைய ஷாட்டிலோ ஃப்ரீ த்ரோவிலோ, பந்தை எதிரணியிடம் இழக்கும் டர்ன்ஓவரிலோ முடிகிறது என்பது அது. ஐவருக்கும் கூட்டினால் 100. ஓர் ஆரோக்கியமான பங்கீடு 26, 22, 20, 17, 15. இப்போது போர்ட்டலைப் பாருங்கள். சின்ன மாநாடுகளில் அணியையே தூக்கிச் சுமந்தவர்கள் 28, 30 என்ற யூசேஜோடு வருவார்கள். 28 உள்ள இருவரைச் சேர்த்தால் 56 போய்விட்டது. மீதி மூவருக்கு ஆளுக்கு 15-க்கும் குறைவு. மூன்றாவது நட்சத்திரத்தையும் சேர்த்தால், ஐந்து இலை போட்ட பந்தியில் பத்துப் பேரை முதல் வரிசையில் உட்காரவைப்பதாகச் சொல்லி அழைத்த கதைதான். ஜனவரியில் ஒருவர் முகம் சுருங்கும். பிப்ரவரியில் அவருடைய ஏஜென்ட் போன் செய்வார்.

எனவே ஒவ்வொரு இலக்குக்கும் எதிரில் இரண்டு எண்கள் எழுதுங்கள். அவருடைய பழைய யூசேஜ், இங்கே அவருக்குக் கிடைக்கக்கூடிய யூசேஜ். வித்தியாசம் 8-ஐத் தாண்டினால், பந்து கையில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் வெட்டிய வீடியோ ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். பந்தை வாங்கிய நொடியில் எறியும் ஷாட்டில் எப்படி? சக வீரருக்காக எதிராளியின் வழியை மறித்து ஸ்க்ரீன் போடுகிறாரா? பாஸ் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கிறாரா?

எந்த இடத்தை முதலில் நிரப்புவது

பந்தைக் கையாளும் பாயின்ட் கார்டும், வளையத்தைக் காக்கும் உயரமான வீரரான பிக்கும்தான் சந்தையில் முதலில் தீர்ந்துபோகிறவர்கள். பக்கவாட்டில் ஆடும் விங் வீரர்கள் மே மாதம் வரைகூடக் கிடைப்பார்கள். ஆனால் இந்த வரிசையையும் கோச்சின் ஆட்டமுறைதான் இறுதியில் முடிவு செய்கிறது.

டஸ்டி மே மிஷிகனுக்குக் கோச்சாக வந்தபோது அது 8 வெற்றி, 24 தோல்வியில் முடித்த அணி. ஃபுளோரிடா அட்லான்டிக்கில் தன்னிடம் ஆடிய ஏழடி விளாட் கோல்டினை அழைத்து வந்தார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஏழடி, டேனி வுல்ஃப். இரண்டு உயரமானவர்களை ஒரே நேரத்தில் களத்தில் விட்டால் இடம் நெருக்கும் என்பது பொதுவான எண்ணம். வுல்ஃப் பந்தைக் கொண்டுவரக்கூடியவர் என்பதால் ஒருவர் ஸ்க்ரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோலில் பந்து வுல்ஃபிடம், ஸ்க்ரீன் கோல்டின் போடுவார் என்று திருப்பினார் மே. எதிரணியின் சென்டர்கள் வெளியே வந்து காக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு 27 வெற்றி, பிக் டென் மாநாட்டுக் கோப்பை. அதற்கு விலையும் இருந்தது. டர்ன்ஓவர் அந்த அணியைக் கடைசிவரை விடவில்லை. பெரிய ஆளிடம் பந்து கொடுக்கும் முறையை நகல் எடுக்க நினைப்பவர்கள் அந்த விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பணம் குறைந்த இடத்தில் தற்காப்பில் தொடங்குவது நல்லது. அயோவா ஸ்டேட் 2020-21-ல் 2 வெற்றி, 22 தோல்வி. மாநாட்டு ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. கோச்சாக டி.ஜே. ஓட்செல்பெர்கர் வந்தார். பென் ஸ்டேட்டிலிருந்து ஐசையா பிராக்கிங்டன், மினசோட்டாவிலிருந்து கேப் கால்ஷர், புதுமுகக் கார்டு டைரீஸ் ஹன்டர். பெரிய பெயர்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பந்து வைத்திருப்பவரை நெருக்கி மூச்சுவிடவிடாமல் காக்கும் அணியாக அது மறு ஆண்டே 22 வெற்றியோடு கடைசி பதினாறுக்குள் நுழைந்தது. நெருக்கிக் காக்கும் உழைப்பைக் கோடையிலேயே பழக்கிவிடலாம். ஷூட்டிங்கை அப்படிப் பழக்க முடியாது.

எண்களை எப்படி நம்புவது

மூன்று புள்ளி சதவீதம்தான் அதிகம் ஏமாற்றும் எண். 40 ஷாட்டில் 13 விழுந்தால் 32.5 சதவீதம், 16 விழுந்தால் 40. மூன்றே பந்து வித்தியாசத்தில் ஒருவர் சுமாரான ஷூட்டரிலிருந்து பெரிய ஷூட்டர் ஆகிவிடுகிறார். 160 ஷாட்டில் அதே வித்தியாசத்துக்குப் பன்னிரண்டு பந்து வேண்டும். எனவே 150-க்குக் குறைவான முயற்சி என்றால் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். ஃப்ரீ த்ரோவில் 80-க்கு மேல் போடுபவரின் கை பெரும்பாலும் நல்ல கை. மூன்று புள்ளியில் 39, ஃப்ரீ த்ரோவில் 61 என்றால் சந்தேகப்படுங்கள்.

டேட்டன் பல்கலைக்கழகத்தின் கோபி பிரேயா 2023-24-ல் 49.8 சதவீதம் போட்டு நாட்டிலேயே முதலிடம். கென்டக்கிக்கு வந்ததும் 50 எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். 43-ஐ ஒட்டிப் போட்டார், அதுவே அபாரம். உச்சத்தில் இருக்கும் எண் அடுத்த ஆண்டு இறங்கத்தான் செய்யும். விலை பேசும்போது இறங்கிய எண்ணுக்கே பேச வேண்டும்.

சின்ன மாநாட்டிலிருந்து மேலே வருபவர்களில் ரீபவுண்டு, பிளாக், ஸ்டீல், பாஸ் திறமைகள் ஓரளவு அப்படியே கூட வருகின்றன. வளையத்தருகே முடிக்கும் திறமையில், குறிப்பாக ஆறடிக்குக் கீழுள்ள கார்டுகளுக்கு, சரிவு அதிகம். டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் மூன்று முறை மாநாட்டின் சிறந்த தற்காப்பு வீரரான அமாரி வில்லியம்ஸை போப் எடுத்தபோது தற்காப்புக்காக மட்டும் எடுக்கவில்லை. தாக்குதலின் நடுவே நின்று பாஸ் பிரிக்கும் ஆளாக்கினார். கென்பாம், டார்விக் தளங்களில் முதல் 100 அணிகளுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் பிரித்துப் பார்க்க வசதி இருக்கிறது. ஐந்தாறு ஆட்டம்தான் என்றாலும், அவற்றின் முழு வீடியோவைப் பார்ப்பது சிறப்புக் காட்சித் தொகுப்பு நூறு பார்ப்பதற்கு மேல்.

போர்ட்டல் நாட்களின் வேலை முறை

வீரர் கேட்ட பிறகு அவருடைய பள்ளி இரண்டு அலுவல் நாட்களுக்குள் பெயரைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். பெயர் ஏறும்வரை அவரிடமோ அவர் சார்ந்தவர்களிடமோ பேசக் கூடாது. இடைத்தரகர் மூலம் காற்றில் வரும் செய்திகள் ஏராளம் என்பது ஊரறிந்தது. பதவிக்கு வந்த முதல் மாதத்திலேயே விசாரணையில் மாட்டும் அபாயத்தை ஏற்க வேண்டாம். பெயர் ஏறியதும் முதல் மணி நேரத்துக்குள் தலைமைக் கோச்சே பேச வேண்டும். உதவியாளர் பேசினால் நீங்கள் இரண்டாம் தேர்வு என்று அவர் புரிந்துகொள்வார்.

முதல் அழைப்பில் கேட்க வேண்டியவை ஐந்து: ஏன் கிளம்புகிறீர்கள், முடிவெடுப்பது யார், ஏஜென்ட் யார், எத்தனை ஆண்டு தகுதி மீதி, மதிப்பெண் பட்டியலை இன்று அனுப்ப முடியுமா. கடைசிக் கேள்விதான் பலருக்கு மறந்துபோகிறது. பழைய கல்லூரியின் பாடங்களில் பாதி புதிய பட்டத்தில் கணக்கில் வராவிட்டால் 60 சதவீதம் 30 ஆகிவிடும். கோடை வகுப்பு எத்தனை எடுத்தாலும் எட்டாது. ஆகவே மதிப்பெண் பட்டியலைப் படிப்பு ஆலோசகர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே நேரில் அழைக்க வேண்டும். ஜூனியர் கல்லூரி ஆண்டுகள் தகுதிக் கணக்கில் சேருமா என்பது, 2024 டிசம்பரில் வான்டர்பில்ட்டின் அமெரிக்கக் கால்பந்து வீரர் டியேகோ பாவியா பெற்ற தடையாணைக்குப் பிறகு வழக்குக்கு வழக்கு மாறுகிறது. அப்படிப்பட்டவரை எடுத்தால் மாற்று ஆளையும் யோசித்து வையுங்கள்.

வெளிநாட்டு வீரர் என்றால் இரண்டு மடங்கு காகிதம். எஃப்-1 விசாவில் படிப்பவர் அமெரிக்காவில் வேலை செய்து சம்பாதிக்கக் கட்டுப்பாடு உண்டு. பல்கலைக்கழகமே நேரடியாகத் தரும் பங்குப் பணத்தைத் தருவதற்குமுன் குடியேற்ற வழக்கறிஞரின் எழுத்துக் கருத்து வேண்டும். ஐரோப்பாவில் தொழில்முறை அணியில் ஆடியவரின் பழைய ஒப்பந்தங்களை என்சிஏஏ தகுதி மையம் பரிசீலிக்கும். தூதரக நேர்காணல் தாமதமாகி ஆகஸ்டில் வந்து சேர்பவர் கோடைப் பயிற்சி முழுவதையும் இழக்கிறார். அவரைப் பாயின்ட் கார்டாக நம்பியிருந்தால் நவம்பர் போய்விட்டது.

பணத்தைப் பிரிப்பது

ஒரு நடைமுறைக் கணக்கு: மொத்தத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய தொகை முதல் மூவருக்கு, மூன்றில் ஒரு பங்கு அடுத்த ஐவருக்கு, சுமார் பத்து சதவீதம் தொடாமல். அந்தப் பத்து எதற்கு? மே கடைசியில், தொழில்முறை லீக்கான என்பிஏ புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டிலிருந்து விலகிக் கல்லூரிக்கே திரும்புபவர்கள் இருப்பார்கள். ஐரோப்பியச் சீசன் முடிந்தபின் கிளம்பி வருபவர்களும் உண்டு. ஏப்ரலில் கையைக் காலி செய்தவர்கள் அப்போது பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

வெளி நிறுவனங்கள் தரும் விளம்பரப் பணத்தை வாக்காகக் கொடுக்காதீர்கள். 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் என்ஐஎல் கோ என்ற சரிபார்ப்பு முறைக்குப் போகின்றன. உண்மையான வணிக நோக்கம் இல்லை என்றோ, தொகை மிகை என்றோ அவை நிராகரிக்கப்படலாம். அப்போது வீரர் கோபத்தைக் காட்டுவது கோச்சிடம்தான். பங்குப் பணத்தை மாதத் தவணையாக வையுங்கள். இரண்டாண்டு ஒப்பந்தம் என்றால், இடையில் கிளம்பினால் புதிய பள்ளி கட்ட வேண்டிய தொகையையும் எழுதுங்கள்.

கூடவே வருபவர்கள்

பழைய அணியிலிருந்து இரண்டு மூன்று பேரை அழைத்து வருவது மிகப் பயனுள்ள முதலீடு. பயிற்சியில் கோச் ஒரு சொல் சொன்னதும் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பார்த்துக் கற்கிறார்கள். இதன் உச்சம் பென் மெக்காலம். இரண்டாம் பிரிவில் நார்த்வெஸ்ட் மிசூரி ஸ்டேட்டில் நான்கு தேசியப் பட்டம் வென்றவர், 2024-ல் டிரேக் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது பென்னட் ஸ்டர்ட்ஸ், மிச் மாஸ்காரி, டேனியல் அப்ரூ, ஐசையா ஜாக்சன் நால்வரையும் கூட்டி வந்தார். இரண்டாம் பிரிவு ஆட்கள் முதல் பிரிவில் தாங்குவார்களா என்று கேட்டவர்கள் உண்டு. டிரேக் 31 வெற்றி, 4 தோல்வி. என்சிஏஏ போட்டியில் மிசூரியையும் வீழ்த்தியது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, தாக்குதல்களின் எண்ணிக்கையையே சுருக்கியது அதில் பாதி.

நாலுக்கு மேல் போனால் லாக்கர் ரூமில் கோச்சின் பிள்ளைகள், மற்றவர்கள் என்று இரண்டு அணி ஆகிவிடும்.

கடைசி ஐந்து இடங்கள்

லூயிவில்லின் 2024-25 இதற்குப் பாடம். கேசியன் பிரையருக்கு நவம்பர் கடைசியில் முழங்கால் தசைநார் அறுந்தது. கோரென் ஜான்சன் இரண்டே ஆட்டத்தில் தோள் காயத்தோடு ஒதுங்கினார். அலி கலீஃபாவும் அந்த ஆண்டு களமிறங்கவில்லை. எந்த அணியும் சரிந்திருக்கும். சக்கி ஹெப்பர்ன், டெரன்ஸ் எட்வர்ட்ஸ், சார்ல்ஸ்டனிலிருந்து கெல்சியோடு வந்த ரெய்ன் ஸ்மித் மூவரும் அதிக நிமிடம் தாங்கியதோடு, ஜேம்ஸ் ஸ்காட் போன்றவர்கள் ஆடத் தயாராக இருந்ததால்தான் அது 27 வெற்றி, 8 தோல்வி என முடிந்தது. 11 முதல் 15 வரையிலான இடங்களில், ஓராண்டு காத்திருக்க ஒப்புக்கொண்ட புதுமுகங்கள் இருவர், ஒரு மாற்று பிக், பயிற்சியில் எதிரணிபோல ஆடக்கூடிய இரண்டு கார்டுகள். இங்கே இன்னொரு நட்சத்திரத்தை உட்காரவைத்தால் அவர் உட்கார மாட்டார்.

வயதையும் பாருங்கள். கடைசி ஆண்டுக்காரர்கள் 15-ல் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். முதல் ஆண்டில் ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரையும் 23 வயதுக்காரர்களாகச் சேர்த்தால், மறு ஏப்ரலில் மறுபடி காலி அறை.

கோடையிலிருந்து நவம்பர் வரை

கோடையில் எட்டு வாரம், வாரத்துக்கு 8 மணி நேரம். அதில் ஆட்டப் பயிற்சி 4 மணி மட்டும். கூட்டினால் 32 மணி நேரம். இதில் முழுத் தாக்குதல் முறையையும் கற்பிக்க முயல்பவர்கள் எதையும் கற்பிப்பதில்லை. மூன்றே விஷயம்: பந்து இழந்ததும் திரும்பி ஓடும் ஒழுங்கு, ஸ்க்ரீனைக் காக்கும் ஒரே ஒரு முறை, களத்தில் கத்த வேண்டிய சொற்கள். நாலைந்து கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் ஒரே செயலுக்கு நாலைந்து பெயர் வைத்திருப்பார்கள். ஜூன் மாதத்திலேயே ஒரே பெயராக்காவிட்டால் நவம்பரில் இருவர் ஒரே ஆளைக் காத்துக்கொண்டு நிற்பார்கள்.

நான்காண்டுக்கு ஒருமுறை வெளிநாட்டுப் பயணம் போக அனுமதி உண்டு. அதற்குமுன் பத்து நாள் கூடுதல் பயிற்சியும் கிடைக்கும். முறை வந்திருந்தால், புதிய அணிக்கு அந்தப் பத்து நாள் விலை மதிக்க முடியாதது. பிறகு முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாளில் 30 பயிற்சி. முதல் பத்தில் ஐவர் கூட்டணிகளை மாற்றி மாற்றிக் கலந்து, யார் யாரோடு நன்றாக ஆடுகிறார் என்பதைக் குறியுங்கள். கடைசிப் பத்தில் ஒன்பது பேரை நிலைப்படுத்துங்கள்.

200 நிமிடத் தாளில் இப்போது மாற்றம் வரும். ஏப்ரலில் 30 என்று சொன்னவருக்கு அக்டோபரில் 18 என்றால், அதை முதல் ஆட்டத்துக்கு முன், கோச்சே, வீடியோவோடு சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்து புள்ளிப் பட்டியலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விட்டால், அந்த இடம் மார்ச்சில் காலி.

முதல் இரண்டு மாதத்துத் தோல்விகளை வைத்து ஆட்டமுறையை மாற்றாதீர்கள். கலிபாரியின் ஆர்கன்சா தென்கிழக்கு மாநாட்டில் முதல் ஐந்து ஆட்டத்தையும் தோற்றது. நடுவில் பூகி ஃப்லாண்ட் கட்டைவிரல் காயத்தால் வெளியே. ஆனாலும் மாநாட்டில் 8 வெற்றி, 10 தோல்வி என்று முடித்து என்சிஏஏ போட்டிக்குள் நுழைந்தது. சுழற்சியைச் சுருக்கி, நிமிடங்களை இருப்பவர்களுக்கே ஏற்றியதுதான் அங்கே நடந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் அடுத்த ஆண்டின் தாளைத் திறவுங்கள். யாருக்குத் தகுதி முடிகிறது, யாருடைய ஒப்பந்தம் மார்ச் 31-ல் தீர்கிறது, யாரிடம் இப்போதே நீட்டிப்புப் பேச வேண்டும் என்று மூன்று பெயர் வரிசை. கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் காலை நடக்கும் முதல் சந்திப்பு யாரோடு என்பது அந்த மூன்றாவது வரிசையின் முதல் பெயர்.